பாஸ்வேர்டு கேட்காத லேப்டாப்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலை, கடலூர் துறைமுகம் ஜங்ஷனில் இருந்து சிதம்பரம் போகிற பாசஞ்சர் ரயிலில் இது நடந்தது. வண்டி வருவதற்குள் பிளாட்பாரத்தில் நான் உட்கார்ந்ததும் எழுந்ததும் எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கையில் கட்டியிருந்த பேசும் கடிகாரத்தை அழுத்தி அழுத்தி மணி கேட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் யாரோ, "அந்த வாட்ச் ரிப்பேரா?" என்று கேட்கிற அளவுக்கு.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். பிழைப்பு அதுதான் என்றாலும் பைத்தியம் கம்ப்யூட்டர்மேல். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக்காட்டும் மென்பொருள் ஒன்று உண்டு. திரைவாசிப்பான் என்போம். அதன் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எனக்குச் சோறு தண்ணி நினைவு வராது. என்னைப் போன்றவர்களுக்குப் பழைய லேப்டாப்களை வாங்கி, ஒழுங்காகப் பேசவைத்துக் கொடுப்பேன்.

அன்று என் பையில் இருந்த லேப்டாப் என் தோழியுடையது. பார்வையற்றோர் பள்ளி விடுதியில் எனக்கு அடுத்த கட்டிலில் படுத்தவள். அவளுக்குச் சிதம்பரத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. பேசிப் பதிவுசெய்த கடிதங்களையும் அறிக்கைகளையும் கேட்டு டைப் செய்து, அச்செடுத்து வைக்கவேண்டும். டைப் செய்வதில் அவள் வேகத்துக்குக் கண் உள்ளவர்களே ஈடுகொடுக்க முடியாது. மேலாளருக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"ஒரு வாரம் பாக்கலாம்மா. நீங்களே தனியா எல்லாம் செஞ்சுட்டா வேலை உங்களுக்குத்தான். பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து சொல்லணும்னா எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த ஒரு வாரம் அன்றைக்குத் திங்கட்கிழமை, அலுவலகம் திறந்ததும் தொடங்குகிறது. அதற்கு முன்னால் இந்த லேப்டாப் அவள் கையில் இருக்கவேண்டும்.

அது ரொம்பப் பழைய மெஷின். கம்ப்யூட்டரை இயக்குகிற இலவச மென்பொருளான லினக்ஸை ரெடிமேடாகக் கிடைக்கிறபடி போட்டால் ஒரு எழுத்தை அழுத்திய பிறகு, அடுத்த எழுத்தை அழுத்தும்போதுதான் திரைவாசிப்பான் முதல் எழுத்தைச் சொல்லும். அந்த வேகத்தில் ஒரு கடிதம் டைப் செய்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கடையில் தைத்த சட்டையை வாங்காமல், துணி எடுத்து நாமே வெட்டித் தைக்கிற மாதிரி, ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதன் மூல வரிகளான சோர்ஸ் கோடை இறக்கி, தேவையில்லாததை எல்லாம் தள்ளிவிட்டு, மெஷினுக்குப் புரிகிற வடிவத்துக்கு நானே மாற்றி, அதாவது கம்பைல் செய்து, லினக்ஸைக் கட்டினேன். பேச்சு சும்மா விறுவிறுவென்று வந்தது. தோழிக்குப் போன் போட்டு அந்தக் குரலைக் கேட்கவைத்தபோது, "ஏய், இது என்னைவிட வேகமாப் பேசுதுடி" என்று சிரித்தாள்.

வினை வேறு இடத்தில் இருந்தது.

லினக்ஸில் போல்கிட் என்று ஒரு காவலாளி உண்டு. புதிதாகப் பிரிண்டர் சேர்க்கணும், கடிகாரத்தை மாற்றணும் என்றால் அந்தக் காவலாளி அனுமதிக்கவேண்டும். அவன் நேரடியாக நம்மிடம் பேசமாட்டான். அவனுக்கு ஒரு உதவியாள் நிரல் இருக்கிறது. அதுதான் திரையில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, 'பாஸ்வேர்டு போடு' என்று கேட்கும். போட்டால் கதவு திறக்கும். நான் கட்டிய லினக்ஸில் அந்தப் பெட்டி வரவே இல்லை.

முதலில் பென்டிரைவைச் செருகினாலே 'உனக்கு அனுமதி இல்லை' என்று வாசிப்பான் முகத்தில் அடித்த மாதிரி சொன்னது. தேடிப் பார்த்ததில் என்மேல்தான் பிழை. ஆள் உள்ளே வந்திருக்கிறாள் என்று காவலாளிக்குத் தெரிவிக்கிற ஒரு நிரல் துண்டைக் கம்பைல் செய்யும்போது விட்டுவிட்டேன். அதைச் சேர்த்து மறுபடி கட்டினேன். பென்டிரைவ் திறந்தது. அப்பாடா என்று பிரிண்டரைச் சேர்க்கப் போனால், இப்போது 'அனுமதி இல்லை' என்றுகூடச் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. 'சேர்' என்ற பட்டனை அழுத்துவேன். அதோடு குரல் நின்றுவிடும். எதை அழுத்தினாலும் சத்தமில்லை. கீபோர்டே செத்துப்போன மாதிரி இருக்கும். வேறு ஜன்னலுக்குத் தாவினால்தான் மறுபடி உயிர் வரும்.

கோபமாக மறுத்தால்கூடத் தாங்கலாம். இந்த ஊமைத்தனம் இருக்கிறதே, அது என்னைப் பிடித்து ஆட்டிவைத்துவிட்டது. காவலாளியை அழித்துக் கட்டினேன். உதவியாளை அழித்துக் கட்டினேன். பழைய பதிப்பைப் போட்டேன், புதிய பதிப்பைப் போட்டேன். உள்ளே நடப்பதை எழுதிவைக்கும் பதிவைத் திறந்து படிக்கவைத்தால், காவலாளி இருக்கிறான், உதவியாள் இருக்கிறது, ரெண்டும் கைகுலுக்கிக்கொண்டன என்றுதான் வருகிறது. இணையத்தில் என்னைப் போன்றவர்கள் கூடும் குழுவில் கேட்டேன். "எங்களுக்கு வருதே" என்றார்கள். பள்ளியில் மொகலாயர்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன், நடுவில் ஒரு யோசனை வரும், பாடம் அப்படியே நிற்கும். சோறு பிசையும்போது விரல் தட்டில் டைப் அடிக்கும்.

என் கணவருக்குப் பார்வை உண்டு. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. அவர் ரெண்டு மூணு தடவை, "நான் ஏதாவது பாத்துச் சொல்லட்டா?" என்று கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? பெட்டியே வரலங்கிறதுதான் பிரச்சன" என்று சொல்லிவிட்டேன்.

ஒருமுறை அவராக வந்து எட்டிப் பார்த்தார். "இருட்டா இருக்கே" என்றார். இருட்டாகத்தான் இருக்கும். எனக்கெதற்கு வெளிச்சம்? பேட்டரி மிச்சமாகட்டும் என்று திரையின் வெளிச்சத்தைச் சுத்தமாகக் குறைத்தே வைத்திருப்பது என் பழக்கம். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் யாரிடமும் 'இதைக் கொஞ்சம் பார்' என்று கேட்பதில்லை. கல்லூரியில் படிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டு, 'தா, நானே செஞ்சுத் தரேன்' என்று என் கையிலிருந்து பிடுங்கிப் பிடுங்கிச் செய்துகொடுத்த ஆட்களால் எனக்கு வந்த வைராக்கியம் அது.

ஞாயிற்றுக்கிழமை தோழி போன் செய்தாள். "ஆயிருச்சாடி?" என்றாள். "ஆயிரும்" என்றேன். போனை வைத்ததும் மறுபடி லேப்டாப்பைத் திறந்தேன்.

இப்படித்தான் அந்த ரயிலில் ஏறினேன். கணவர் ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து உட்காரவைத்துவிட்டு, "பதட்டப்படாத. போயிட்டு போன் பண்ணு" என்று இறங்கிப் போனார். வண்டி கிளம்பியதும் லேப்டாப்பைத் திறந்துவிட்டேன். ஒரு காதில் இயர்போன், இன்னொரு காது ரயிலுக்கு. பிரிண்டர் இங்கே இல்லை. ஆனால் கடிகாரத்தின் நேரத்தை மாற்றினாலும் காவலாளி பாஸ்வேர்டு கேட்கவேண்டும். அதை வைத்துச் சோதித்தேன். நேரத்தை மாற்று, அழுத்து, மௌனம். வெளியே வா. ஏதோ ஒரு அமைப்பை மாற்று. மறுபடி நேரத்தை மாற்று, அழுத்து, மௌனம். சிப்காட் பக்கம் வந்துவிட்டோம் என்று காற்றில் அந்த மருந்து நெடி சொன்னது. எனக்கு மூச்சு முட்டியது நெடியாலா, பயத்தாலா, தெரியவில்லை. கீபோர்டு உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்க்கக் கைக்கு வந்த எழுத்தை எல்லாம் தட்டினேன். ஆத்திரத்தில் என்டரைக் குத்தினேன். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அந்தக் குறுக்குவழி மனதுக்குள் வந்து உட்கார்ந்தது. காவலாளிக்கு ஒரே ஒரு வரி எழுதிவைத்தால் போதும்: யார் என்ன கேட்டாலும் சரி என்று சொல்லிவிடு. பாஸ்வேர்டும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். இன்றைக்குத் தப்பித்துவிடலாம். ஆனால் அந்த லேப்டாப் நாலு பேர் புழங்கும் அலுவலகத்திலும் அவள் தங்குகிற பெண்கள் விடுதியிலும் இருக்கப்போகிறது. பார்வை உள்ளவர்களுக்குத் தன் மெஷினில் யாராவது கைவைத்தால் கண்ணில் படும். எங்களுக்கு அந்தப் பாஸ்வேர்டுதான் பூட்டு. பூட்டைப் பிடுங்கிவிட்டு வீட்டை மட்டும் அவள் கையில் கொடுப்பதா? வேண்டாம் என்று ஒரு நிமிஷம் நினைப்பேன், வேலை போனால் என்ன செய்வாள் என்று அடுத்த நிமிஷம் நினைப்பேன். கடைசியில் வேலைதான் ஜெயித்தது. அந்த வரியை எழுதுவதற்காக, கட்டளைகளை டைப் செய்கிற கருப்பு ஜன்னலைத் திறந்தேன்.

வண்டி ஆலப்பாக்கத்தில் நின்றது. திமுதிமுவென்று கூட்டம் ஏறியது. எனக்குப் பக்கத்தில் கடலூரிலேயே ஏறி உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, புதிதாக ஏறியவர்களுக்கு இடம் விடுவதற்காகத் தன் மூட்டையைத் தூக்கி மடிமேல் வைத்தார். மூட்டையின் முனை என் கீபோர்டின் ஓரத்தை அழுத்திக்கொண்டு போனது. நான் பதறிவிட்டேன்.

"ஐயையோ, பட்டுருச்சாம்மா? துணி மூட்டைதான், ஒண்ணும் ஆயிருக்காது" என்றார். குரலுக்கு ஐம்பது வயது இருக்கும். அத்தர் வாசனை.

"பரவால்லக்கா" என்று வாய் சொன்னது. விரல்கள் எது அழுந்தியது என்று தடவின. வெளிச்சத்தைக் கூட்டும் பட்டன்தான்.

அவர் கொஞ்சம் என் பக்கம் சாய்ந்தது தெரிந்தது. "அட, இப்பத்தான் கம்பியூட்டர்ல வெளிச்சமே வந்துருக்கு. இம்மாம் நேரம் இருட்டாவே வச்சிக்கினு தட்டிக்கினு இருந்தியே, நானும் என்னமோ ரிப்பேர் போலன்னு நெனச்சேன்."

"எனக்குப் பார்வை இல்லக்கா. அது பேசும், நான் கேட்டுக்குவேன்" என்றேன். அவசரத்தில் கொஞ்சம் வெடுக்கென்று வந்துவிட்டது.

"தெரியும்மா, குச்சியப் பாத்தேன்" என்றார். அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. நான் அந்த ஒரு வரியைப் பாதி எழுதியிருப்பேன். மறுபடி அவர் குரல் வந்தது.

"ஏம்மா, நான் கேக்குறேன்னு தப்பா நெனக்காத. அந்தப் பொட்டியெல்லாம் அப்படியே நிக்கணுமா?"

என் விரல் நின்றது. "எந்தப் பொட்டிக்கா?"

"நடுவுல நிக்குதே. ஒண்ணு மேல ஒண்ணா, சீட்டுக்கட்டு சரிஞ்ச மாதிரி. நாலஞ்சு இருக்கும்."

எனக்கு அந்த நிமிஷம் ரயில் சத்தமே கேட்கவில்லை. இயர்போனைப் பிடுங்கிவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். "அக்கா, அதுல என்ன எழுதியிருக்கு? கொஞ்சம் படிக்கிறீங்களா?"

"இங்கிலீசுல இருக்கு. இரு. ஆத்தென்டிகேஷன் ஈஸ் ரெக்கொயர்டு... டைம்னு என்னமோ போட்டிருக்கு. கீழ பாஸ்வேர்டுன்னு போட்டு ஒரு கட்டம். அந்தக் கட்டத்துல புள்ளி புள்ளியா வரிசையா நிக்குது." கொஞ்சம் நிறுத்தினார். "கீழ செவப்பா வேற எழுதியிருக்கு. ப்ளீஸ் டிரை அகெய்ன்னு."

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பெட்டி வராமல் இல்லை. அத்தனை தடவையும் வந்திருக்கிறது. செத்துவிட்டதா என்று நான் தட்டிப்பார்த்த எழுத்தெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் புள்ளிகளாகப் போய் விழுந்திருக்கிறது. ஆத்திரத்தில் நான் என்டரைக் குத்தினபோதெல்லாம் அது 'தயவுசெய்து மறுபடி முயற்சி செய்' என்று கெஞ்சியிருக்கிறது. அதன் வாயும் என் காதும் மட்டும் சேரவில்லை.

"அக்கா, இப்ப நான் ஒரு பட்டன அழுத்துறேன். எந்தப் பொட்டி மாறுதுன்னு சொல்றீங்களா?"

"அழுத்து. ம்... மேல இருக்கிற பொட்டி பளிச்சுன்னு ஆச்சு. கட்டத்துல ஒரு கோடு மினுக்குது."

புள்ளிகளை எல்லாம் அழித்தேன். "காலி ஆயிருச்சு" என்றார். பாஸ்வேர்டைப் போடப்போன கை தயங்கியது. அது தோழியின் பாஸ்வேர்டு. நான் ஏன் தயங்குகிறேன் என்று நான் சொல்லவில்லை. அவராகவே, "நீ போடும்மா, நான் இப்படித் திரும்பிக்கிறேன்" என்றார். அதைச் சொன்ன குரலே மறுபக்கத்தில் இருந்து வந்தது. நிஜமாகவே திரும்பிக்கொண்டார். கண் தெரியாதவளுக்கு முன்னால் திரும்பாமலே திரும்பினேன் என்று சொல்லியிருக்கலாம், எனக்கெப்படித் தெரியும்?

போட்டேன். என்டர். "போட்டுட்டேன், இப்பத் திரும்பிப் பாருங்கக்கா" என்றேன்.

"போயிருச்சு! ஒரு பொட்டி போயிருச்சு!" எதிர்சீட்டில் இருந்தவர்கள்கூட என்னவோ ஏதோ என்று பேச்சை நிறுத்தினார்கள். மற்ற பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "போச்சு... போச்சு..." என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பெட்டி வருகிறது என்று தெரிந்த பிறகு காரணம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. மெஷின் எழுந்ததும் உதவியாள் நிரல் முதலில் எழுந்துவிடுகிறது. திரைவாசிப்பான் அதற்குப் பிறகுதான் எழுகிறது. வாசிப்பான் எழுந்து வழி திறப்பதற்கு முன்னாலேயே ஓட ஆரம்பித்துவிட்ட நிரலோடு அதற்குத் தொடர்பே ஏற்படுவதில்லை. அதனால் அந்தப் பெட்டி திரையில் மட்டும் இருக்கிறது, வாசிப்பானைப் பொறுத்தவரை அப்படி ஒன்று இல்லவே இல்லை. நான் கட்டிக் கட்டி அழித்த அத்தனையும் முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. வரிசைதான் தப்பு. முதலில் வாசிப்பான், கொஞ்சம் பொறுத்து உதவியாள் என்று இரண்டு வரிகளை இடம் மாற்றி எழுதினால் போதும்.

எழுதினேன். பாதியில் நின்ற அந்தக் குறுக்குவழி வரியை அழித்துவிட்டுத்தான். கை நடுங்கியதில் ரெண்டு தடவை தப்பாக எழுதி அழித்தேன். மெஷினை அணைத்து மறுபடி எழுப்பவேண்டும். அந்தப் பழைய லேப்டாப் எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, அதற்குள் நான் விரல் நகத்தைக் கடித்து முடித்துவிட்டேன். "எங்க வந்திருக்கோம்க்கா?" என்று கேட்டேன். "இருக்கு இருக்கு, நீ உன் வேலையப் பாரு" என்றார். வண்டி எங்கோ நின்று கிளம்பியது. யாரோ இறங்கினார்கள். பாலத்தின்மேல் போகிற சத்தம் கேட்டது. நான் எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வாசிப்பான் பேசியது. இயர்போனைக் கழற்றிவிட்டுச் சத்தத்தை அவரும் கேட்கும்படி வைத்தேன். நேரத்தை மாற்றும் இடத்துக்குப் போய் அழுத்தினேன். ஒரு நொடி அதே மௌனம். பிறகு அந்த இயந்திரக் குரல், 'ஆத்தென்டிகேஷன், டயலாக், பாஸ்வேர்டு' என்று சொன்னது.

"அடி ஆத்தி, கேக்குது பாரு! அதுவே கேக்குது பாரு!" அந்த அம்மா என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். வலித்தது. அவ்வளவு சந்தோஷமான அடியை நான் வாங்கினதே இல்லை.

அப்போது அவர் போன் அடித்தது. "எங்க நிக்கிற? அங்க நிக்காத. நான் கிள்ளைல எறங்குறேன், அங்க வந்துரு... ஆமா, தாண்டிட்டேன். தூங்கலடா, ஒரு வேலை. மூட்டை கனம் ஜாஸ்தி, வண்டிய எடுத்துக்கினு வா. கேள்வி கேக்காத, வா" என்று வைத்துவிட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அக்கா, நீங்க எங்க எறங்கணும்?"

"பரங்கிப்பேட்டை. அதுக்கென்ன, ஒரு ஸ்டேஷன்தானே. தம்பி வண்டிலதான் வரான்."

"சொல்லியிருக்கலாமேக்கா!"

"சொன்னா நீ போங்கன்னு சொல்லியிருப்ப. பொட்டி பாதில நின்னுருக்கும்" என்று சிரித்தார். மழையில், அத்தனை கனமான மூட்டையோடு, பாலம் தாண்டி ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்து, தம்பி வண்டி சுற்றிக்கொண்டு வருகிறவரை அவர் நிற்கவேண்டும். அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. என்ன வேலைக்காக இத்தனை பாடு என்று கேட்டார். தோழியைப் பற்றி ரெண்டு வார்த்தை சொன்னேன். "நான் துணி எடுத்து வீடு வீடாப் போயி விக்கிறவ. மொத மொத மூட்டையத் தூக்கிக்கினு கெளம்புன அன்னிக்கு எனக்கும் இப்படித்தான் கை நடுங்குச்சு. அந்தப் புள்ளைக்கு வேலை கெடைக்கும், இன்ஷா அல்லா" என்றார். வண்டி நின்றது. மூட்டையை இழுக்கும் சத்தம், "வழி விடுப்பா, வழி விடு" என்ற குரல், அவ்வளவுதான். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

சிதம்பரம் ஸ்டேஷனில் தோழி குச்சியோடு காத்திருந்தாள். "என்னடி இவ்ளோ வேர்த்திருக்க?" என்று என் கையைப் பிடித்ததுமே கேட்டாள். ஆட்டோவில் போகும்போதே பெட்டியைப் பேசவைத்துக் காட்டினேன். அலுவலகத்துக்குள் நான் வரக்கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள். "நீ பக்கத்துல இருந்தா நீதான் செஞ்சேன்னு நெனப்பாங்க." அதுவும் நியாயம்தான். வாசலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். உட்கார்ந்தேன். கதவு திறந்தே இருந்ததால் உள்ளே நடப்பது காதில் விழுந்தது.

"பிரிண்டர யாராவது போட்டுக் குடுக்கணுமாம்மா?" என்று மேலாளர் கேட்டார்.

"வேணாம் சார், நானே சேத்துக்கிறேன்" என்றாள் என் தோழி. கீபோர்டு சத்தம். பிறகு ஒரு இடைவெளி. நான் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த இயந்திரக் குரல் பாஸ்வேர்டு கேட்டது. அவள் டக்டக்கென்று போட்டாள். கொஞ்சநேரத்தில் பிரிண்டர் முனகி, ஒரு காகிதத்தைத் தள்ளும் சத்தம் வந்தது.

அதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். அவள் அந்தக் காகிதத்தை எடுத்து, சாதாரணமாக, "சார், இது நேரா விழுந்திருக்கா, எழுத்து மங்காம இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. அத மட்டும் என்னால பாக்க முடியாது" என்றாள். நானாக இருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன். கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்திருப்பேன்.

"நல்லா இருக்கும்மா. ஓரத்துல மட்டும் கொஞ்சம் எடம் ஜாஸ்தி விட்டுருக்கு" என்றார் அவர்.

"மாத்திடறேன் சார்."

அந்த வாரம் முடிந்தது. வேலை அவளுக்கே கிடைத்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறாள்.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி திரையிலேயே நின்றுகொண்டிருந்தது என்றதும், "நான் கேட்டேனே" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர், "நானும் இருட்டா இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன் பாரு. ஏன் இருட்டா இருக்குன்னு கேட்டிருக்கணும்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. நான் எதிலாவது முட்டிக்கொண்டு நின்றால் "இங்க என்ன தெரியுது?" என்று கூப்பிடுவேன். அவர் வந்து தெரிவதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மவுஸைத் தொடமாட்டார். தொடவேண்டாம் என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை.

அந்த அம்மாவை அதன் பிறகு நான் சந்திக்கவில்லை. வேலை பற்றி அவருக்குச் சொல்லவும் வழியில்லை. ஆனால் அவர் எனக்குச் செய்தது என்ன என்று அடிக்கடி யோசிப்பேன். நான் பயந்துகொண்டிருந்த உதவி என் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிக்கொள்கிற உதவி. அவரோ கண்ணில் பட்டதை மட்டும் சொன்னார், பார்க்கக்கூடாத இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார், முடிகிறவரை கூட இருந்தார். உதவி கேட்டால் சிறுத்துப்போவோம் என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்த நான், இப்படிப்பட்ட உதவியை வாங்குகிறவளாக மட்டும் இல்லாமல், யாருக்காவது இப்படியே செய்கிறவளாகவும் இருக்கவேண்டும் என்றுதான் இப்போதெல்லாம் ஆசைப்படுகிறேன்.